அணைத்த பிறகும் மண்ணுக்குள் எரியும் நெருப்பு

அனுப்புநர்:
மா. கோவிந்தராஜன்,
ஓய்வுபெற்ற ராணுவக் கணக்கர்,
பாணேர், புனே.

பெறுநர்:
குத்தகை நில அதிகாரி அவர்கள்,
புனே.

பொருள்: ஊற்றுப் பள்ளத்தின் வடிகாலை மூடக் கோருதல், என் மீதான வெளியேற்ற நோட்டீசை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு மராட்டி பேச வரும், மனு எழுத வராது. தாங்கள் தமிழர் என்று அறிந்து தமிழிலேயே எழுதுகிறேன்.

1. பாணேர் குன்றின் கீழுள்ள ஊற்றுப் பள்ளத்தில் பாதியை நானும் என் மனைவி மல்லிகாவும் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறோம். அங்கே இருப்பது சாதாரண மண் அல்ல. கோரையும் இலையும் காலங்காலமாகத் தண்ணீருக்குள் மட்கிச் சேர்ந்த கறுப்புச் சேறு. தண்ணீரை வடிக்காமல் வரப்புக் கட்டித் தேக்கி, சேம்பு போட்டோம். அந்த இலையைத்தான் இங்குள்ளவர்கள் அளு என்று வாங்கி, மாவு தடவிச் சுருட்டி அவித்து, ‘வடி’ என்ற பலகாரம் செய்கிறார்கள். சேற்றில் நிற்கவா பென்ஷன் வாங்கினீர் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும், இலை நன்றாகவே விற்றது.

2. சென்ற தீபாவளி முடிந்ததும், மறுபாதியை விழா மைதானமாக்க வேண்டுமென்று தங்கள் அலுவலகம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தது. என் பாதித் தண்ணீரும் அதோடு போயிற்று. ஆட்சேபித்தேன். நிலம் என்றால் காய்ந்துதான் இருக்க வேண்டும் என்று பொறியாளர் எனக்குப் பாடம் நடத்தினார். சேம்பு வாடியது, காய்ந்த சேறு சுருங்கித் தரை இறங்கி வரப்பு மட்டும் உயர்ந்து நின்றது.

3. ஜனவரியில் அந்த மைதானத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் செங்கல் அடுக்கிப் பொங்கல் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுப்புகளில் தண்ணீர் ஊற்றி அணைத்து, இடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் போனார்கள். அந்தச் சேறு காய்ந்தால் வரட்டி போல எரியும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது காய்ந்து யார் பார்த்தது?

4. அடுத்த வாரம் மல்லிகா எங்கள் பாதியில் வாடாமல் மிஞ்சிய இலையை அறுக்க இறங்கினாள். மேலே தீ இல்லை, செடி பச்சையாகவே நின்றது. அவள் கால் வைத்த இடம் அப்படியே உள்வாங்கியது. உள்ளே முழுக்கத் தணல்; மைதானத்து அடுப்புச் சூடு மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து எங்கள் பாதிக்கு வந்திருக்கிறது. ஐயா, பூமிக்குள் தீ இருக்கும் என்று எந்த மனிதன் நினைப்பான்? தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. மறுநாள் வேறொரு மூலையில் புகைந்தது.

5. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தங்கள் நோட்டீஸ் வந்தது. பயிர்க் கழிவுக்கு நான் தீ வைத்தேனாம், மாத இறுதிக்குள் வெளியேற வேண்டுமாம். நான் வைத்த தீ என்றால் என் மனைவியையே அதில் இறக்கியிருப்பேனா?

நான் வெளியேறினால் நெருப்பு வெளியேறாது. வாய்க்காலை மூடி, ஊற்றுத் தண்ணீரை முன்போல் தேங்க விடுங்கள். அந்த நிலத்துக்கு அது ஒன்றே மருந்து. நோட்டீசை ரத்து செய்து, மீண்டும் ஈரத்திலேயே பயிர் செய்ய அனுமதியுங்கள். சென்ற முறை தங்கள் ஆய்வாளர் சாலையில் நின்றபடியே எட்டிப் பார்த்து அறிக்கை எழுதினார். இம்முறை உள்ளே வரட்டும். ஆனால் கம்பால் குத்திப் பார்த்த பிறகே ஒவ்வோர் அடியும் வைக்கச் சொல்லுங்கள். அவருக்கும் வீட்டில் காத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

தங்கள் நீதியை எதிர்நோக்கும்,
மா. கோவிந்தராஜன்

இடம்: புனே
நாள்: 9.2.2004

இணைப்பு: நோட்டீஸ் நகல்; மல்லிகாவின் வலது கால் செருப்பு, எரிந்தது போக எஞ்சிய பகுதி.