அப்பா தெருவெல்லாம் வாழ்த்துச் சொன்ன நாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல், வேலையில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று தினமும் சாமி முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் தங்கையும் சுகம். உன் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஃபோனில் பேசலாம் என்றால் அவர் காது எப்போதும் கதவுப்பக்கம்தான். அதனால்தான் கடிதம்.

பண்டிகையன்று காலையில் குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, புதுச்சட்டையோடு வெளியே போனார். நம்ம லேத் பட்டறைக்குத்தான் போகிறார், பண்டிகையாவது ஒன்றாவது என்று மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று நான் அடுப்படியில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு டீச்சர் ஓடி வந்து, "அண்ணி, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா? எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு, குடும்பத்தோட நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றாள். சாக்கடைக் குழாய்ச் சண்டைக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாத மனுஷன்! அங்கிருந்து மாடிவீட்டு வக்கீல், அப்புறம் பூட்டுக்கடைக்காரர், அப்புறம் இவரோடு முறைத்துக்கொண்டு வேலையை விட்டுப்போன பழைய மேஸ்திரி. பட்டறையில் அவருக்கு 'அரம்' என்று பெயர் வைத்திருப்பதுதான் உனக்குத் தெரியுமே, உரசாமல் ஒரு ஆளையும் விடமாட்டார் என்று. அந்த அரம் வீடு வீடாகப் போய் நல்லா இருங்க, நல்லா இருங்க என்றால் எனக்குச் சந்தேகம் வராதா?

எல்லார் வீட்டு அப்பாவும் சொல்றாங்க, நம்ம அப்பா மட்டும் ஏன் யாருக்கும் வாழ்த்துச் சொல்றதில்லை என்று சின்ன வயதில் நீயே கேட்டிருக்கிறாய். "மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு வாயால நல்லா இருன்னு சொல்ல எனக்கு வராது. விளக்கேத்திட்டு வந்து சொல்ற வார்த்தை, சாமிக்கும் கேக்கும். சொல்லிட்டா அந்த ஆள் மேல இருக்கிற கோவத்தை அங்கேயே விட்டுடணும், அது என்னால ஆகாது" என்பார். மற்றவர்கள் ஃபோனில் ஒரு விளக்குப் படத்தை ஊருக்கெல்லாம் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருக்கிறது என்று பயந்தவர் இவர் ஒருத்தர்தான். அப்படிப் பயந்த ஆள் திடீரென்று அதை அள்ளி இறைத்தால் என்ன நினைப்பது? எங்கேயோ கிளம்புகிறவர்தான் எல்லாப் பகையையும் இப்படி ஒரே நாளில் தீர்த்துக்கொள்வார் என்று எனக்குப் பட்டது. அதோடு விட்டாரா, சாப்பிட உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்து, "நீயும் நல்லா இரு" என்றார். இத்தனை வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து 'உப்பு கம்மி' என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னவர் இல்லை. பழக்கத்தில் நான் உப்பு ஜாடியை எடுத்து நீட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து துப்பறிவதே என் வேலை. சட்டைப் பையைத் துழாவினேன், மாத்திரை எதுவும் இல்லை, இரண்டு திருகாணியும் எண்ணெய்த் துணியும்தான். டாக்டர் வீட்டம்மாவைக் கோயிலில் பார்த்துச் சுற்றி வளைத்துக் கேட்டேன், "அவரா, அவர் எங்க பக்கமே வர்றதில்லையே" என்றாள். அப்படியென்றால் எனக்குத் தெரியாமல் வேறு டாக்டரிடம் போகிறாரா என்று அது வேறு புதுக் கவலை. அவர் தும்மினால்கூட நான் எட்டிப் பார்க்கிறேன். உன் தங்கை, "அம்மா, ஒரு மனுஷன் நல்லவனா மாறினா அது ஒரு வியாதியா?" என்று சிரிக்கிறாள். அவளுக்கென்ன, கட்டிக்கொண்டவள் நான்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை நானே பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன், சொல்லாமல் போனால் ஏதாவது சிக்கும் என்றுதான். ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள், ஆனாலும் ஒரு மெஷின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கரண்டை வீணாக்கினால் அடிக்க வருகிறவர் ஆயிற்றே என்று கதவுக்கு உள்ளே வந்து ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். நீ வேலை பழகின சின்ன லேத்துக்குப் பக்கத்தில், ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லா இருடா" என்றார். தலையை ஆட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "நல்லா இருப்பா" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மறுபடி முதலிலிருந்து. ஃபோனில் வெளிச்சமே இல்லை, யாரையும் கூப்பிடவில்லை. தான் பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்றுதான் மெஷினை ஓடவிட்டிருக்கிறார். தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அழுதேன். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பினபோது, "பட்டறையை விட்டுப் போறவன் என் பையனே இல்ல" என்றவர், அதற்குப் பிறகு உன் ஃபோன் வந்தாலே எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவர். உன் மேல் இருக்கிற கோபத்தை விட்டால்தானே அவர் வாயில் அந்த வார்த்தை வரும். உன்னிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் தெருவில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிப் பழகியிருக்கிறார். வக்கீலும் மேஸ்திரியும், ஏன், நானும்கூட அவருக்கு ஒத்திகைதான். பொல்லாத மனுஷன்! இருந்தாலும் உடம்பு விஷயத்தில் அவரை நான் முழுசாக நம்பிவிடவில்லை, இந்த வாரமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப் போகிறேன்.

உன்னையும் நான் நம்பவில்லை, தெரிந்துகொள். அப்பா நம்பரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிடுவாய், நீயும் அந்த அரத்தின் பிள்ளைதானே. நீ முந்திக்கொண்டு கூப்பிடவும் வேண்டாம், அவர் இவ்வளவு பழகியது வீணாகிவிடும். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். குளிர் காற்றில் தலையை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. சாமி உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். அவர் கூப்பிடும்போது முதலில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கும். யாரும் பேசவில்லையே என்று வைத்துவிடாதே, அப்பாதான், கொஞ்சம் பொறுத்துக் கேள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா