போர்டு படிக்கும் டிரைவரின் ராஜினாமா

மார்ச் 4, செவ்வாய்

எழுத உட்கார்ந்தபோது மணி ஐந்து. முதல் வரி முடிய ஐந்தே கால். அவசரம் ஒன்றும் இல்லை. லாரியையும் முதல் கியரில்தானே எடுக்கிறோம்.

வயது அறுபத்து மூன்று. லாரி ஓட்டுவது நாற்பத்தொரு வருடமாக. எழுத்து பழக ஆரம்பித்து ஏழு மாதம், போர்டைக் கூட்டிப் படிக்க வந்தது இந்த வாரம்தான். அதுவரை எல்லாம் அடையாளம்தான். நீலக் கதவு வந்தால் இடது பக்கம் திரும்பு, விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி வந்தால் வலது பக்கம். ஒரு தடவை கதவுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள். அன்றைக்குப் பதினாறு கிலோமீட்டர் வீணாகப் போய்த் திரும்பினேன்.

இன்று சோப்பு லோடு. வழக்கமாக டீ குடிக்கும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நிமிர்ந்தால், சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு எழுத்து. கூட்டிப் படித்தேன். 'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது.' பதினோரு வருடமாக நானும் மீசையும் அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் டீ குடிக்கிறோம். மீசை எங்கள் கம்பெனி டிரைவர்தான், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்னேன்.

"படிக்கத் தெரியாத வரைக்கும் நல்லவங்களா இருந்தோம்ணே" என்றான். இன்னொரு டீ சொன்னான்.

மார்ச் 6, வியாழன்

'நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.' எனக்கு நாற்காலி எதற்கு? ஆனாலும் படித்து முடிக்காமல் கண் நகரவில்லை.

மார்ச் 8, சனி

மார்க்கெட் தெரு. ஒரு வைத்தியசாலை போர்டு. மூட்டுவலி, முதுகுவலி, கழுத்துவலி — மூன்று வரி. இரண்டாவது வரியில் இருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தெருவில் இறங்கியது தெரியவில்லை. பிரேக்கை எப்போது மிதித்தேன் என்பதும் தெரியவில்லை. கால் தானாக மிதித்தது. வண்டி நின்றபோது சைக்கிள் சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"கண்ணை எங்கய்யா வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

முதுகுவலியில் வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

வேறு யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரியிடம் சொன்னேன். முப்பத்தாறு வருடமாகக் கடிதம், ரசீது, மருந்துச் சீட்டு எல்லாம் எனக்குப் படித்துச் சொன்னவள் அவள்.

"அப்போ ஓட்டும்போது படிக்காதீங்க."

"முடியலையே. பக்கத்துல ரெண்டு பேர் பேசினா காதுல விழாம இருக்குமா? அந்த மாதிரி வந்து விழுது."

கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தாள். "அப்போ வண்டியை விடுங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க? படிப்பை விடச் சொல்லுவேன்னு நெனச்சீங்களா?"

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

வேலையை விடுவதென்றால் முப்பது நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். அது எங்கள் கம்பெனியில் சட்டம். எழுதுவது என்று பேர்தான். மேனேஜர் மேசை டிராயரில் அச்சடித்த தாள் ஒரு கட்டு இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும். நாற்பத்தொரு வருடத்தில் விட்டுப் போன எல்லா டிரைவரும் அந்த ஒரே காரணத்துக்காகத்தான் போயிருக்கிறார்கள்.

இன்று எனக்கும் ஒரு தாளை நீட்டினார்.

"வேண்டாம் சார். நானே எழுதிக்கிட்டு வந்திருக்கேன்."

மூன்று நாள் வேலை, ஆறு தாள் வீண். வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"நீங்களா எழுதினீங்க?"

"நானேதான் சார். அந்த அடிச்ச ரெண்டு எடத்தையும் நானேதான் அடிச்சேன்."

சிரித்துக்கொண்டே தேதி முத்திரை குத்தினார். "ஒரு சிராய்ப்பு இல்லாம நாப்பத்தொரு வருஷம். யாருக்கு வரும்? ஏப்ரல் பன்னிரண்டு உங்க கடைசி டிரிப். அன்னிக்கு எல்லாரும் கேட்ல நின்னு வழியனுப்பணும்னு சொல்லிடறேன்."

தரையில் கால் பாவாமல் வெளியே வந்தேன். கேட் வரைக்கும்தான் அது நீடித்தது. கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன்? 'வயதின் காரணமாக.' என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம். அதற்குள் ஒரு பொய்.

மார்ச் 17, திங்கள்

சிக்னலில் நின்றபோது எதிரே செருப்புக் கடை. போர்டு முழுவதும் படித்தேன். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் ஒரே ஹாரன். என் பின்னால் வந்த மீசை இறங்கி ஓடி வந்தான்.

"தூங்கிட்டீங்களாண்ணே?"

"இல்லடா. படிச்சேன்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் தேதி அந்தப் பெண்ணின் சைக்கிள் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. அதற்குள் புதுச் செருப்பு, குழந்தை அளவு. விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை. அன்றைக்கு இதை நான் எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

இன்னும் இருபத்தாறு நாள் ஓட்ட வேண்டும். வழியில் மூன்று பள்ளிக்கூடம். உண்மையைச் சொன்னால் சாவியை வாங்கிவிடுவார்கள். கடைசி டிரிப் போச்சு, கேட்டில் நிற்பது போச்சு, சிராய்ப்பு இல்லாத டிரைவர் என்கிற பேரும் போச்சு.

சொல்லாவிட்டால்? எது போகும்?

மார்ச் 18, செவ்வாய்

இரண்டாவது கடிதம். ஒரே தாள், அடித்தல் இல்லை. இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'மேலாளர் அவர்களுக்கு வணக்கம். முன் கடிதத்தில் வயது என்று எழுதினேன். வயது காரணம் இல்லை. எனக்கு இப்போது படிக்கத் தெரியும். போர்டைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியவில்லை. இந்த மாதம் 8ஆம் தேதி அப்படிப் படித்துக்கொண்டே ஒரு பெண் மேல் மோத இருந்தேன். ஒரு சாண் மிச்சம். ஆகையால் மீதி நாட்களுக்கு என்னிடம் வண்டி தர வேண்டாம். வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்.'

வீட்டுக்காரி வாங்கிப் படித்தாள். "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றாள்.

மார்ச் 19, புதன்

மேனேஜர் முதல் தடவை படித்துவிட்டுச் சிரித்தார். இரண்டாவது தடவை படித்தபோது சிரிக்கவில்லை.

"இதை எதுக்குப் பேப்பர்ல எழுதினீங்க? வாயால சொல்லியிருந்தா நான் மறந்திருப்பேனே."

"மறந்துடுவீங்கன்னுதான் சார் எழுதினேன்."

கடிதத்தை மடித்து டிராயரில் வைத்தார். பிறகு கையை நீட்டினார். சாவியை வைத்தேன். நாளை முதல் யார்டில் வேலை. டயர் பார்க்க வேண்டும், லோடு பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்.

"அந்தக் கடைசி டிரிப்பு..." என்று இழுத்தார்.

"புரியுது சார்" என்றேன்.

வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். கொஞ்ச நேரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

சட்டைப் பையில் சாவி இல்லாமல் நடப்பது ஒரு பக்கம் லேசாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

மீசையின் வண்டியில் ஏற்றிய லோடும் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பெட்டி வேறு கடைக்குப் போக வேண்டியது. பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

"ஆபீசர் ஆயிட்டீங்க. இனிமே உங்ககிட்ட பீடி கேட்க முடியாது."

"கேளு. எழுதிக் குடு, யோசிக்கிறேன்."

யார்டே சிரித்தது.

ஏப்ரல் 12, சனி

கடைசி நாள். என் வண்டி இப்போது மீசையிடம். காலையில் பிஸ்கட் லோடு ஏற்றி நின்றது. மேனேஜர் வந்தார்.

"ஏறுங்க. அந்தப் பக்கம்."

அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். என் வண்டியில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஸ்பிரிங் குத்துகிறது. இத்தனை வருடம் அதில் உட்கார்ந்து வந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார், சாப்பிட்டுக்கொண்டு. இடது கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். போதும்.

மீசை நன்றாகவே ஓட்டுகிறான். கியர் மாற்றும்போது மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனம். இரண்டு தடவை சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ஆற்றுப் பாலம் தாண்டியதும் கடைத்தெரு.

"அண்ணே, அந்த மஞ்ச போர்டுல என்ன..." அவன் தலை திரும்பியது.

"நீ ரோட்டைப் பாரு. நான் படிச்சுச் சொல்றேன்."

தலையைத் திருப்பிக்கொண்டான். கண்ணாடியை இறக்கி, சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் படித்தேன். 'இவ்விடம் குடைகள் பழுது பார்க்கப்படும்.'

"அடுத்தது?" என்றான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.