புகைக்குள் ஒரு நட்சத்திரம்

அன்புள்ள அப்பாவுக்குத் தாரணி எழுதுவது. லடாக் வானாய்வகத்தில் குளிர்தான், ஆனாலும் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? வில்பட்டியில் பூண்டு எடுத்தாயிற்றா?

இங்கே ஒரு வேடிக்கை. நாங்கள் கவனித்துவரும் ஒரு கிழட்டுச் சிவப்பு நட்சத்திரம், படங்களில் மங்கிக்கொண்டே வந்தது. கேமராக் கண்ணாடியில் தூசி என்று நினைத்து, காலை முழுக்க அதைத் துடைத்தேன். "பக்கத்து நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று தெரிகிறதே?" என்று மேலதிகாரி சிரித்தார். பிறகு வெப்பத்தைப் பார்க்கும் அகச்சிவப்புப் படத்தைக் காட்டினார். அதில் அது ஜொலித்தது. வயதாக ஆக, தானே தூசியை ஊதித் தள்ளி அதற்குள் மறைந்துகொள்கிறதாம்.

எனக்குப் பூண்டைப் புகைபோட்டு உலர்த்தும் நம் புகையறை நினைவுக்கு வந்தது. "உள்ள போகாத தாயி, கண்ணு எரியும். நெருப்பு தெரியலைன்னா என்ன, கன்னத்துல சூடு அடிக்குதுல்ல" என்பீர்களே, அதேதான். அந்த நட்சத்திரம் எல்லாவற்றையும் ஊதித் தீர்த்தபின் உள்ளே என்ன மிஞ்சும் என்பதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

தபால் கொண்டுபோகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. பூண்டு அனுப்பும்போது என் பழைய நீல ஸ்வெட்டரையும் வையுங்கள். அதற்கு முன் சில நாள் அதைப் புகையறையில் தொங்கவிடுங்கள். அம்மா துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாரணி