நடுத்திரை அறுந்து விழுந்ததற்காக என்மேல் நானே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
பெ. அழகுமலை,
நடுத்திரைப் பொறுப்பாளர்,
மலையரசி உயர்நிலைப்பள்ளி,
போடிநாயக்கனூர்.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அதிகாரி அவர்கள்,
மலையரசி கல்வி அறநிலையம்,
மதுரை.

பொருள்: தேகப்பயிற்சிக் கூடத்து மோட்டார்த் திரை 6-11-1957 அன்று அறுந்து விழுந்தது – பொய் சொன்னதாகக் கூட்டும் பணியாளர் இருளம்மாள் வேலைநீக்கம் செய்யப்பட்டது – அவர் சொன்னது உண்மை என்பதும் குற்றவாளி நானே என்பதும் – தொடர்பாக.

பார்வை: தங்கள் உத்தரவு, நாள் 13-11-1957.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் எழுதுகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் இருப்பார். எனக்கு அந்த வசதி இல்லை. நான் புகார் செய்ய வேண்டிய ஆள் இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறான்.

1. மேற்படி கூடத்தை ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இரண்டாகத் தடுக்கும் கனத்த திரையை, ஏலக்காய் வியாபாரி ஒருவர் பம்பாயில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கித் தந்தார். பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுற்றும். இரும்புக் கம்பிகள் திரையை மேலே இழுக்கும். திரையின் அடியில் கனத்துக்காக மூன்று மணங்கு இரும்புக் குழாய் கோத்திருக்கிறது. தலைமையாசிரியர் வீட்டு ரேடியோவை நான் ஒருமுறை தட்டிப் பேச வைத்திருந்தபடியால், இதற்கு என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். ஊரில் எனக்குப் ‘படுதா மேனேஜர்’ என்று பட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

2. மாதத்தின் முதல் புதன்கிழமை திரையைச் சோதிக்க வேண்டும். ஒருவர் ஏணியில் நின்று கம்பியைக் கவனிக்காமல் மோட்டாரைப் போடக் கூடாது என்பது விதி. ஏணியில் நிற்க வேண்டியவன் நான். நாலாம் படிக்கு மேல் எனக்குக் கால் கிடுகிடுக்கும். போடிமெட்டு மலை வளைவுகளில் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு ஏணியில் என்ன பயம் என்று தாங்கள் கேட்கலாம். ஜீப்பில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஏணியில் மூடினால் கம்பி தெரியாது.

3. ஆகவே திரை வந்த பத்தொன்பது மாதமும் ஏணியில் ஏறியவர், கூடத்தைக் கூட்ட வந்த இருளம்மாள்தான். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விறுவிறுவென ஏறிவிடுவார். நான் கீழே நின்று பதிவேட்டில் ‘பார்த்தேன், நன்று’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன். பார்த்தவர் அவர், ‘நன்று’ மட்டும் என்னுடையது. மோட்டாருக்கென்று வந்த எண்ணெயில் பாதி என் சைக்கிளுக்குப் போனதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

4. அக்டோபர் சோதனையின்போது அவர் ஏணியிலிருந்து, “அண்ணே, கம்பி பிரிஞ்சு ஊசி ஊசியா நிக்கிது, கையில குத்துது” என்றார். நான், “ஊசி கெடைச்சா சேலையத் தச்சுக்க ஆத்தா” என்று பெரிய ஹாஸ்யம் பண்ணிவிட்டு ‘நன்று’ என்று எழுதினேன். அந்த ஹாஸ்யத்துக்குச் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

5. நவம்பர் 6, சோதனை நாள். போடிமெட்டில் ஏலத்தோட்டத்து மைத்துனர் வீட்டில் கிடாவெட்டு. விடுப்பு எழுதாமல் விடியக்காலையே ஜீப்பேறிவிட்டேன். நான் ஈரலைத் தேடி இலையைத் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

6. டிரில் மாஸ்டர் சீனிச்சாமி திண்டிவனத்திலிருந்து மாற்றலாகி வந்து பதினேழு நாள். விதியை மதிக்கிற மனிதர். திரையைத் தூக்குமுன், “அழகுமலை எங்கே?” என்று இருளம்மாளிடம் கேட்டிருக்கிறார். இருளம்மாள், “அண்ணே மேல போயிருக்காரு” என்றிருக்கிறார். ஏணி திரைக்கு அந்தப் பக்கம் சாத்தியிருந்தது. நான் அதன் உச்சியில் நிற்பதாக எண்ணி மாஸ்டர் பொத்தானை அழுத்தினார்.

7. ஐயா, இந்த வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தாங்கள் கும்பகோணத்துக்காரர். அங்கே மேலே என்றால் மாடி, அதற்கும் மேலே ஆகாயம். போடியில் மேலே என்றால் மலை. தோட்டத்துக்குப் போனவரை மேலே போனார் என்போம். திரும்பினால் கீழே வந்தார் என்போம். இது பக்கத்து ஊர்ச் சிலமலைக் குழந்தைக்கும் தெரியும்.

8. மோட்டார்ச் சத்தம் கேட்டதும் இருளம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, “அடியே, தள்ளுங்கடி!” என்று ஓடி, திரையடியில் கும்மி பழகிக்கொண்டிருந்த ஆறு பெண்பிள்ளைகளை நெட்டித் தள்ளியிருக்கிறார். கம்பி அறுந்தது. குழாய் விழுந்து, தாண்டிக் குதிக்கும் மரக்குதிரையின் முதுகு இரண்டாகப் பிளந்தது. அந்த ஆறு பேரும் மறுநாளும் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களை வரவைத்தவருக்குத்தான் வேலை போயிற்று.

9. விசாரணையில் தாங்கள், “ஏணியின்மேல் இருந்தீரா?” என்று என்னைக் கேட்டீர்கள். “இல்லை ஐயா” என்றேன். நான் வாழ்நாளில் சொன்ன உண்மைகளில் இவ்வளவு அயோக்கியமான உண்மை வேறில்லை. இருளம்மாளோ, “மேலதான் போயிருந்தாரு” என்று மூன்று தரம் சொன்னார். விவரமாகச் சொல் என்று தாங்கள் அதட்டியபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பத்தொன்பது மாதத்தில் அந்தக் கூரையை நான் அக்கறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

10. பிறகு எனக்கு ஒரு யோசனை உதித்தது. ‘நான் பொய் சொன்னேன், மன்னிக்கவும்’ என்று அவர் பெயரில் அழகாக எழுதி, கைநாட்டு வைத்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று கொண்டுபோய் நீட்டினேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அது நான்தான். அவர், “வேல போனாப் போகட்டும்ணே. நான் பொய் சொல்லலையே” என்றார். என்மேல் ஒரு வார்த்தை வரவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். வெட்கமாக இருக்கிறது ஐயா. கைநாட்டு விழாத அந்தத் தாளையும், என்னை ஏற்றிச் சென்ற ஜீப் டிரைவர் மொக்கையனின் வாக்குமூலத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

11. வருகிற வியாழக்கிழமை தோட்ட வேலைக்குக் கங்காணி ஆள் சேர்க்க வருகிறார். இருளம்மாள் பெயர் கொடுத்துவிட்டார். நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் செல்லக்கிளியும் கூடப் போகிறாள். தோட்டத்தில் ஆறாம் வகுப்பு கிடையாது. திரையடியிலிருந்து தள்ளப்பட்ட ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

ஆகவே, வியாழனுக்கு முன்பாக மேற்படி உத்தரவை ரத்து செய்து இருளம்மாளை வேலையில் சேர்க்கவும், தங்களுக்குத் தோன்றிய தண்டனையை எனக்குக் கொடுக்கவும் வேண்டுகிறேன். கூட்டுகிற வேலை காலியாக இருந்தால் அதையே கொடுங்கள். அது தரையில் நின்று செய்கிற வேலை. புதுக் கம்பி வந்து மாட்டியாயிற்று. சனிக்கிழமைக்குள் சோதித்து ‘நன்று’ என்று எழுதும்படி எனக்கு உத்தரவு. எழுத மாட்டேன். இருளம்மாள் ஏறிப் பார்த்து, அவர் வாயால் சரி என்று சொல்லி, அவர் கைநாட்டு பதிவேட்டில் விழட்டும். அதுவரை பிள்ளைகளை அந்தத் திரையடியில் நிறுத்த வேண்டாம் ஐயா.

நாள்: 18-11-1957
இடம்: போடிநாயக்கனூர்

இப்படிக்கு,
பெ. அழகுமலை