பத்துக் கட்டமும் பதினோரு நம்பரும்

ஆக. 8, 2006, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லாலாகுடா, சலீம் பாய் நெட் சென்டர். இருந்தவர்கள்: நான், இவர், மகள் கிரேஸ், சலீம் பாய், பின் சீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிய ஒரு பெண். வேறு யாரும் இல்லை.

பம்பாய் டிரஸ்ட் ஃபார்ம். காதுக்குள் மிஷின் வைக்கிற ஆபரேஷன், இலவசம். ஐந்து வயது முடிந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிரேஸுக்கு அக்டோபர் 14-ல் முடிகிறது. பெயர் தேர்வானால் போன் வரும். இரண்டு தடவை போட்டும் லைன் கிடைக்காவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

எங்களுக்கு போன் இல்லை. யார் கேட்டாலும் மாடி வீட்டு சுஜாதா அக்கா நம்பர், பின்னால் பி.பி. என்று எழுதுவோம். பக்கத்து வீடு, கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தம். கேஸ் புக்கிலும் அப்படி, சர்ச் லிஸ்டிலும் அப்படி. இங்கே போட்டதும் சிவப்பு எழுத்து.

"எழுத்து நக்கோ அம்மா, நம்பர் மட்டும் கேக்குது."

பி.பி.யை எடுத்தோம். 040-க்குப் பின்னால் கோடு. அதற்கும் சிவப்பு. கோட்டையும் எடுத்தோம். நான் சொல்லச் சொல்ல சலீம் பாய் அடித்தார். சைபர் நாலு சைபர், பிறகு எட்டு நம்பர். பச்சை டிக். ஸ்தோத்திரம்.

வாங்க: புளி, சொட்டு நீலம், கிரேஸ் மிஷினுக்கு பேட்டரி (பழைய மிஷின், இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்).

ஆக. 9, புதன்

வெயில். துணி காய்ந்தது.

பிரிண்டை ஃபைலில் வைக்கும்போது நம்பரை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான். கடைசி ஆறைக் காணோம். கட்டம் பத்தோடு நின்றுவிட்டது. பதினொன்றாவதை வாங்கவும் இல்லை, வாங்கவில்லை என்று சொல்லவும் இல்லை. முன்னால் போட்ட சைபர் தேவையே இல்லையாம். நேற்று ஆரம்பத்தை மட்டும் பார்த்து சரி என்றேன். பால் கணக்கை மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறவள்.

சுஜாதா அக்கா வீட்டிலிருந்து பம்பாய்க்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பேசியது இந்தி, இங்கே தமிழில்:

"நம்பர் மாத்தணும்னா, ஃபார்ம்ல இருக்கிற நம்பருக்கு நாங்க போன் பண்ணி உறுதி பண்ணணும்."

"அப்படி ஒரு நம்பரே கிடையாது மேடம். ஒண்ணு குறையுது."

"அப்ப மாத்த முடியாதுங்க."

"அதை மாத்தத்தானே கேக்கறேன்."

"ரூல் அதுதான்."

வைத்துவிட்டாள். சுஜாதா அக்கா: "தெருவே என் நம்பரைக் குடுக்குது. முழுசா குடுக்காத ஆளு நீ ஒருத்திதான் ஜெயா." சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. காபி கொடுத்தார்.

ஆக. 10, வியாழன்

உபவாசம். கிரேஸுக்கு இட்லி, இவருக்குப் புளிசாதம்.

சாயங்காலம் மறுபடி நெட் சென்டர். புது ஃபார்ம். அதே பெயர், அதே பிறந்த தேதி ஏற்கெனவே இருக்கிறது என்று தள்ளிவிட்டது. மூன்று தடவை.

சலீம் பாய் மெதுவாக, "தேதிய ஒண்ணு தள்ளிப் போடுங்கம்மா. சர்ட்டிஃபிகேட் கேக்கறப்ப டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிக்கலாம்."

நக்கோ, வேண்டாம் என்றேன்.

இவர்: "ஒரு நாளுதானே ஜெயா? நடுராத்திரிக்குப் பக்கத்துல பொறந்த பிள்ளைதானே."

"பதினொண்ணே கால்ங்க."

"ஹவ், ஆமா. முக்கால் மணி நேரம். அதுக்குத்தான் இந்த அடமா?"

வேறு வழி தெரியவில்லை. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் சரி என்றுதானே அர்த்தம். 14-ஐ 15 ஆக்கினார்கள். போன் நம்பர் இந்தத் தடவை சைபர் இல்லாமல், சரியாகப் பத்து. நானே எண்ணினேன். பச்சை டிக்.

ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து உபவாசம் முடித்தேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஆக. 11, வெள்ளி

பதினொரு மணி. மாடியிலிருந்து சுஜாதா அக்கா கத்தல்: "ஜெயா! பாம்பே! பரிகெத்து, ஓடி வா!" ஓடினேன். சத்தம் கேட்காவிட்டாலும் என் முகத்தைப் பார்த்து கிரேஸும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

ஒரு ஆண் குரல், மரியாதையாக. பிள்ளை பெயர் கேட்டார், சொன்னேன். தகப்பன் பெயர், சொன்னேன். பிறந்த தேதி?

கிரேஸ் என் புடவையைப் பிடித்துக்கொண்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். பதினாலு என்று சொல்லிவிட்டேன்.

"ஃபார்ம்ல பதினஞ்சு இருக்கே?"

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம்.

"இதே பேர்ல இன்னொரு ஃபார்மும் இருக்கு. ரெண்டும் உங்களோடதா?"

ஆமாம் என்றேன்.

"ரெண்டையும் நிறுத்தி வைக்கிறோம். எழுத்துல விளக்கம் அனுப்புங்க. கமிட்டி முடிவு பண்ணும்."

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

இவர் சாப்பிட வந்தபோது சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். "பிள்ளைக்காகக்கூட உன் வாயில ஒரு பொய் வராதா?" அவ்வளவுதான். சாதம் அப்படியே. நேற்று பேசாமலே ஒரு பொய் வந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுத?

ஆக. 12, சனி

மழை இல்லை. புழுக்கம். இவர் வேலைக்குக் கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு என்றார்.

பெட்டிச் சாவி கிடைத்தது (அரிசி டப்பாவுக்குப் பின்னால்). பிறப்பு சர்ட்டிஃபிகேட் ஜெராக்ஸ் 2.

கடிதம் முதலில் தமிழில். பிறகு டிக்‌ஷனரி வைத்து இங்கிலீஷில். தபாலாபீஸ் ஒரு மணி வரைதான்.

ஐயா, இரண்டு ஃபார்மும் நாங்கள் போட்டதுதான். இரண்டிலும் இருப்பது ஒரே பிள்ளை. முதலாவதில் தேதி சரி, போன் நம்பர் தப்பு. இரண்டாவதில் போன் நம்பர் சரி, தேதி பொய். கை தவறி வந்தது அல்ல, தெரிந்து போட்டோம். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கிழித்துப் போடுங்கள். தண்டனை உண்டென்றால் எங்களுக்குக் கொடுங்கள், பிள்ளையின் பெயரை எடுக்க வேண்டாம். அவளுக்கு ஐந்து முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. முடியாது என்றாலும் அதையாவது தயவுசெய்து சீக்கிரம் தெரிவியுங்கள்.