போனில் தெரியாதது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நீ அனுப்பிய போனைப் பற்றிச் சொல்கிறேன். போன் எப்படிப்பா இருக்கு என்று நீயும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், அம்மா பக்கத்திலேயே இருப்பதால் நல்லாருக்கும்மா என்று முடித்துவிடுகிறேன். இப்போது சலவைக்கூடத்தில் சாப்பாட்டு வேளை, துணி மடிக்கிற மேசையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடியிருந்தால் பக்கத்தில் மெஷின் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்.

ஆசையாக வாங்கி அனுப்பியதைக் குறை சொல்ல மனசு வரவில்லை, இருந்தாலும் கேட்டதற்குச் சொல்ல வேண்டுமே. இவ்வளவு ஒல்லியாக ஒரு போனைச் செய்தவன் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவனை நினைத்தே பார்க்கவில்லை, சட்டைப் பையில் வைத்தால் இருக்கிறதா விழுந்ததா என்று தெரிவதில்லை. கையிலும் நிற்காமல் வழுக்குகிறது. கடைக்காரர் ஒரு உறை மாட்டிவிட்டார், ஒல்லிப் போன் குண்டுப் போனாகிவிட்டது, கனக்கிறது என்று அம்மா அன்றைக்கே கழற்றிப் போட்டுவிட்டாள். காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றினாலும் மத்தியானத்துக்குள் உயிரை விடுகிறது, பேச்சு பாதியில் அறுந்துபோவது அதனால்தான், அம்மா கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள் என்று நினைக்காதே. என் விரலை அதற்கு அடையாளமே தெரியவில்லை, இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, ரேகை எங்கே இருக்கும். ரகசிய எண் இருக்கிறதே என்பாய், அதையும் அம்மா மாற்றி வைத்துக்கொண்டு எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். போன வாரம் கட்டில் விரிப்புக்குள் போன் கிடந்தது தெரியாமல் அப்படியே சுருட்டி இங்கே எடுத்து வந்துவிட்டேன். உதறிப் போடுகிற பழக்கம் இருந்ததால் தப்பியது. போனையும் வெளுக்கப் பாத்தீங்களே அண்ணே என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். வீட்டு விரிப்பை ஏன் இங்கே தூக்கி வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அதைத் தினம் மாற்ற வேண்டியிருக்கிறது கண்ணு.

நல்லது இல்லாமலும் இல்லை. திரை பளிச்சென்று இருக்கிறது, கண்ணாடி போடாமலே எழுத்து தெரிகிறது. உன் குரல் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய நல்லது அதன் எடைதான். நீ பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கியிருப்பாய், ஆனால் பழைய போனை அம்மாவால் தூக்கிப் பிடிக்க முடியாமல் போய்விட்டது, இது ஒன்றைத்தான் இப்போது தானாகப் பிடிக்கிறாள். தண்ணீர் டம்ளரைக்கூட நான்தான் வாய்க்குக் கொண்டுபோகிறேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

நீ நம்பமாட்டாய். அம்மா முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கேப்பா என்று போன தடவைகூடச் சொன்னாய், நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அந்தக் கேமராவில் முகத்தைத் திருத்திக் காட்டுகிற வசதி ஒன்று இருக்கிறதாம், மாடி வீட்டுப் பெண் விளையாட்டாகக் காட்டிக் கொடுத்தாள், அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒட்டிப்போன கன்னத்தை நிரப்பி, கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பை அழித்து, தோலுக்கு ஒரு மெருகும் போட்டுவிடுகிறது. நீ பார்ப்பது அந்த முகத்தை. ஒரு நாள் அவள் போனைத் திறந்து வைத்தபடியே தூங்கிவிட்டாள், நான் தட்டுத் தடுமாறி அந்த வசதியை நிறுத்திவைத்தேன், நீயே பார்த்துத் தெரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். சாயங்காலம் நீ கூப்பிடுமுன் எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த மூஞ்சியவா புள்ளைக்குக் காட்டுறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். லைன் கிடைக்கவில்லை என்று மறுநாள் சொன்னாளே, லைன் நன்றாகத்தான் இருந்தது. அவள் அழுததைப் பார்க்கச் சகிக்காமல் மாடி வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்து மறுபடி பழையபடி வைக்கச் சொன்னவனும் நான்தான்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். மருந்து மாத்தி மாத்திப் பாத்தாச்சு, இனி வலி தெரியாம வச்சுக்கலாம் அவ்வளவுதான், பொண்ண வரச் சொல்லுங்க என்றார்கள். புது வேலையில சேந்திருக்கா, லீவு கேட்டா அவ பேரு கெட்டுப்போகும், அடுத்த வருஷம் வரேன்னு சொல்லியிருக்கால்ல, அதுவரைக்கும் இருந்துட மாட்டேனா என்கிறாள் அம்மா. இருக்கமாட்டாள். இதை எழுத இவ்வளவு தூரம் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது, எனக்கு அசதியாக இருக்கிறது, வேலை அசதி இல்லை. இங்கே துணி வண்டி ஓட்டுகிற டிரைவர் தம்பி தன் போனில் பேசச் சொன்னான், நாலு பேர் நடுவில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்கிற விஷயமா இது. அதனால்தான் காகிதம். கூரியரில் அனுப்புகிறேன், தபாலை நம்பி உட்கார நேரமில்லை.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பு. வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே, வருகிற நாளையும் அவளிடம் சொல்லாதே, சொன்னால் ஏதாவது சொல்லி நிறுத்திவிடுவாள். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. பெட்டி பெரிதாக எடுக்காதே, வழிக் குளிருக்குத் தடித்த சட்டை ஒன்றை மறக்காதே. உன்னை வாசலில் பார்த்ததும் நான் எழுதியது தெரிந்துபோகும், என்னைப் பிடித்துத் திட்டுவாள். திட்டட்டும். அதற்கு இன்னும் அவளிடம் தெம்பு இருக்கிறது, அது இருக்கும்போதே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா