மப்ரூக்காவுக்கு இன்னும் ஒரு பலகை

ஷெப்பா
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின்

என் ஈரக்குலையே நஜ்வா,

உனக்கு ஸலாம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், உயிரோடு இருக்கிறோம், இதற்கு மேல் சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நினைத்தால் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறாள் என்று நீ கேட்பாய். என் ஃபோன் உன் தம்பி அனீஸ் வாங்கிக் கொடுத்தது, அதில் யார் என்ன சொன்னார்கள் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டு ஸல்ஹா மார்செய்க்கு மகனைப் பார்க்க வருகிறாளே, அவள் பையில் இதைச் செருகி அனுப்புகிறேன். கூடவே காய்ந்த கணவாயும் ஒரு போத்தல் ஹரிஸா மிளகாய் விழுதும் வருகிறது. ஹரிஸாவில் இந்தத் தடவை காரம் கூடிவிட்டது, குழந்தைக்கு நக்கக்கூடக் கொடுக்காதே.

படகைப் பற்றிக் கேட்டிருந்தாய். என்ன சொல்வது போ. ஆலிவ் பறித்து முடிந்த கையோடு கரையேற்றியது, இன்னும் முட்டுக்கட்டை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உன் அப்பா கல்யாணமான புதிதில் ஆசையாக அதற்கு என் பெயரை வைத்தாரே, அதற்கான தண்டனையை நான் இப்போது அனுபவிக்கிறேன். ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரன், "என்னக்கா, மப்ரூக்காவுக்கு இடுப்பெல்லாம் போயிடுச்சாமே, இனிமே எந்திரிக்குமா"ன்னு கேட்கிறான். இடுப்பு இருக்கிறது, வாய்தான் பெரிசாகிவிட்டது, கிட்ட வந்து பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரிக்கத்தான் செய்கிறேன், ஆனால் உள்ளுக்குள் அலுத்துப்போய்விட்டது மகளே. முதலில் நாலு பலகை மாற்றினால் போதும் என்றார்கள். பலகையைக் கழற்றினால் உள்ளே விலாக்கட்டை உளுத்திருக்கிறது, விலாக்கட்டைக்கு முசுக்கட்டை மரம் தேடி ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கிறது, அது கிடைத்தால் ஆணி விலை ஏறியிருக்கிறது. தச்சர் ஷாத்லிக்குக் கூலி, அவருக்குக் காபி, அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கும் காபி. இந்தக் காசுக்கு ஒரு ஃபைபர் படகு வாங்கிவிடலாம், குறைகிறதை நானும் மாப்பிள்ளையும் போடுகிறோம் என்று நீ கணக்குப் போட்டுச் சொன்னபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நானும் உன் அப்பாவிடம் அதையே பிடித்துக்கொண்டு தினமும் தொணதொணத்தேன். கடைசியில் மனுஷர் சரி என்றார்.

அதன்படி நானும் அப்பாவும் அனீஸும் ஸ்ஃபாக்ஸுக்குப் போய் ஒரு படகைப் பார்த்தோம். ஓட்டிய படகுதான், ஆனால் வெள்ளைவெளேரென்று நன்றாக இருந்தது. விலை கேட்டால் விற்கிறவன் பதிலே சொல்லாமல், "மீனுக்கா, எரிக்கிறதுக்கா"ன்னு கேட்டான். நீ பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் இருந்தாலும் அந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டாய், காகிதமில்லாமல் கடலைத் தாண்டுவதற்கு இங்கே வேறு பெயர் ஏது. மீனுக்குத்தான் என்றார் உன் அப்பா. அவன் சிரித்தான். "எல்லாரும் மீனுக்குன்னுதான் சொல்றாங்க சித்தப்பா, திரும்பி வராத படகுக்கு நான் வேற விலை வெச்சிருக்கேன்"னு சொல்லி நமக்கு எட்டாத ஒரு தொகை சொன்னான். அப்பா வெளியே வந்துவிட்டார். நானோ வேறு ஒரு சந்தோஷத்தில் இருந்தேன். அனீஸ் அந்தப் படகின் எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், நிறைய தூரம் போனால் எவ்வளவு டீசல் குடிக்கும் என்றெல்லாம் விசாரித்தான். வலை என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைக்கு ஒருவழியாகத் தொழிலில் மனசு வந்துவிட்டது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் துஆ செய்துகொண்டு வந்தேன்.

அவனுக்கு விசா மறுபடியும் கிடைக்கவில்லை என்று உனக்கே தெரியும். அதற்கப்புறம் அவன் சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை, நல்ல பிள்ளையாகத் தச்சருக்குக் கூடமாட நின்றான். ஷாத்லியும் வேலை முடிகிற நிலைமைக்கு வந்துவிட்டது என்றார், தண்ணீர் கசியாதபடி பலகை இடுக்கெல்லாம் பஞ்சுத்திரி வைத்துக் கலப்பத்து அடித்தாயிற்று, இனி மேல்பக்கத்துப் பழைய பெயின்ட்டை நெருப்பு வைத்து எரித்துச் சுரண்டிவிட்டுப் புதுசு பூசினால் தண்ணீரில் இறக்கிவிடலாம் என்றார். அந்த வாரம்தான் நான் மொட்டைமாடியில் கணவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் அனீஸ் ஃபோனில் யாரிடமோ, "சனிக்கிழமை எரிக்கிறோம்டா, காத்து அடங்கிடும், படகு நம்ம கையில இருக்கு"ன்னு சொல்வது காதில் விழுந்தது. எனக்கு என்ன தோன்றியிருக்கும் சொல். பெயின்ட் எரிக்கக் காற்று அடங்கியிருக்க வேண்டும்தானே. ஊரார் பிள்ளைகள் கடலை எரிப்பார்கள், என் பிள்ளை பெயின்ட்டைத்தான் எரிப்பான் என்று இந்த மண்டைக்குத் தோன்றியது. உடனே இறங்கிப் போய்க் கடையில் ஒரு கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் மீன் கூஸ்கூஸைத் தட்டில் போடும்போது பெருமையாக உன் அப்பாவிடம், உங்கள் மகன் தானாகவே சனிக்கிழமை எரிக்கப் போகிறானாம், காற்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறான் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மீனில் முள் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார், எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவருக்கு ரொட்டியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். உன் அப்பா மட்டும் தனியாகப் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கடப்பாரையால் ஒரு பலகையை நெம்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஷாத்லி அப்போதுதான் அடித்த புதுப்பலகை, பிசின் வாசனைகூடப் போகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கத்தினேன். "உளுத்துப் போச்சு மப்ரூக்கா"ன்னார். புதுப்பலகை எப்படி உளுக்கும், அந்தப் பலகைக்காக என் வளையலை அல்லவா கொடுத்தேன் என்றேன். அவர் வெளியே ஊர்ந்து வந்து மணலில் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நீ எந்த எரிப்புன்னு நெனச்சே"ன்னு கேட்டார். நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் அவர் வலையில் பிணமாக ஏறி வந்த பையனை நீ மறந்திருக்க மாட்டாய், அனீஸ் வயசுதான் இருக்கும், அதற்கப்புறம் உன் அப்பா அந்த வலையைத் தொட்டதே இல்லை. அனீஸிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் என்றேன். "சொன்னேன். கடலைக் காட்டி வளத்தது நீங்கதானே பாபா, இப்ப ஏன் பயங்காட்றீங்கன்னு கேக்கிறான். எங்கிட்ட இருந்தது கடப்பாரைதான்"ன்னார். கொஞ்ச நேரத்தில் ஷாத்லி வந்தார். கழன்று கிடந்த பலகையைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருடைய பெரிய மகன் கடலை எரித்துப் போய் எத்தனையோ காலமாகிறது, போய்ச் சேர்ந்தான் என்ற சேதி இன்னும் வரவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, உளுத்துதான் போச்சு. இப்பல்லாம் எங்க நல்ல மரம் கெடைக்குது"ன்னு சொல்லி அடுப்பில் காபி வைத்தார்.

சனிக்கிழமை கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. அனீஸ் வந்தான், படகைச் சுற்றி நடந்தான், அந்த ஓட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தான். அவனுக்கா உளுத்த மரம் தெரியாது. அவனோடு வந்த இரண்டு பையன்கள் தூரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அனீஸோ, நான் வாங்கி வைத்த சிலிண்டரைத் திறந்து பற்றவைத்துப் பொழுது சாய்கிற வரைக்கும் பெயின்ட்டைத்தான் எரித்தான். முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று சந்தோஷப்படுவதா, இப்படி இருக்கிறானே என்று அழுவதா, எனக்கே விளங்கவில்லை.

அதனால் ஃபைபர் படகுக்கு நீ பணம் அனுப்பாதே மகளே, கெஞ்சிக் கேட்கிறேன். வேறு படகே இல்லையா என்பாய், இருக்கிறது, ஆனால் அதற்கு முன்பணம் கேட்பார்கள், அவன் கையில் காசில்லை, இருந்த ஒன்று இந்தப் படகுதான். முடிந்தால் அவனுக்கு அங்கே எஞ்சின் வேலையோ படிப்போ காகிதத்தோடு வருகிற மாதிரி ஒரு வழி தேடு. மாப்பிள்ளை தன் முதலாளியிடம் வாய்திறந்து கேட்கட்டும், வெட்கப்பட வேண்டாம், நான் கேட்டேன் என்று சொல். அது வரைக்கும் பழசையே பழுது பார்க்கிறோம். ஆமாம், வாங்குவதைவிட இதுதான் செலவு. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தேதான் செய்கிறோம்.

நீ இராவேலைக்குப் போகும்போது கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு போ. குழந்தைக்கு நம் பேச்சைச் சொல்லிக்கொடு. அல்லாஹ் உன் கைக்கு பரக்கத்தும் உன் வீட்டுக்கு நிம்மதியும் கொடுக்கட்டும், உன் வாசலை எந்தக் கெட்ட சேதியும் தட்டாமல் இருக்கட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், ஃபோனில் இதைப் பற்றி மூச்சு விடாதே, படகு முடிந்ததா என்று மட்டும் கேள். இன்னும் இல்லை என்று நான் சலித்துக்கொண்டால் நீ அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்.

இன்று காலை கழன்ற பலகைக்குப் பதில் பலகை வந்து சேர்ந்தது. ஷாத்லி அடித்து முடித்ததும் நானே போய்ப் பின்பக்கத்துப் பலகையை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் கேட்டது. உளுத்திருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

கரையில் நிற்கும் மப்ரூக்காவோடு நிற்கிற,
உன் அம்மா மப்ரூக்கா